கணினி ஆலோசகர் எதை விற்கிறார்? சம்பளக் கணக்கு அவருக்கு ஏன் பொருந்தாது?

"ஐடியில் பத்து வருஷம் ஆச்சு, வேலையை விட்டுட்டு கன்சல்டன்டா போயிடலாம்னு இருக்கேன்." இப்படிச் சொல்பவர்களை இன்று எல்லா ஊரிலும் பார்க்கலாம். என்ன வேலை செய்வீர்கள், எவ்வளவு வாங்குவீர்கள் என்று கேட்டால், "இப்போ வாங்கற சம்பளத்தை முப்பதால வகுத்து நாளுக்கு இவ்வளவுன்னு கேட்கலாம்" என்று பதில் வரும். மறுபக்கம், ஆலோசகரை அழைக்கும் முதலாளிகளில் பலர் "ஒரு மணி நேரம் பேசறதுக்கு 1,500 ரூபாயா?" என்று திகைக்கிறார்கள். இரண்டு பக்கமும் ஒரே விஷயத்தைத் தவறாகப் புரிந்துகொள்கின்றன. நல்ல திறமைசாலிகள் ஒரே வருடத்தில் களைத்துப்போய் மறுபடி வேலை தேடுவதற்கும், நல்ல வியாபாரிகள் தேவையில்லாத கணினிகளில் பணத்தைப் போடுவதற்கும் இந்தக் குழப்பம் ஒரு பெரிய காரணம் என்று நினைக்கிறேன். அதனால் அடிப்படையிலிருந்து தொடங்கலாம்.

முதலில், யாரைப் பற்றிப் பேசுகிறோம்?

கன்சல்டன்ட் என்ற ஒரே பெயரில் மூன்று விதமான ஆட்கள் நம்மிடையே உலவுகிறார்கள். வேலைக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் அலுவலகங்கள் ஒரு வகை. அடுத்தது தேர்ட் பார்ட்டி பேரோல்: ஒரு கம்பெனியின் ஊழியராக இருந்துகொண்டு இன்னொரு கம்பெனியில் போய் உட்கார்ந்து வேலை செய்வது. அவருக்கு மாதச் சம்பளம் வரும், பிஎஃப் பிடிப்பார்கள், விடுப்பு உண்டு. அடையாள அட்டையில் என்ன எழுதியிருந்தாலும் அவர் ஊழியர்தான்.

மூன்றாமவர் தனி ஆலோசகர். அவருக்கு முதலாளி கிடையாது, வாடிக்கையாளர்கள் உண்டு. சம்பளச் சீட்டு வராது, அவர்தான் பில் அனுப்ப வேண்டும். இந்தக் கட்டுரை அவரைப் பற்றியது.

வேலையின் உள்ளே இருப்பது என்ன?

மதுரையில் ஒரு மருந்து மொத்த வியாபாரி இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தினமும் சாயங்காலம் ஆறரை மணிக்கு மேல் பில்லிங் மென்பொருள் திணறுகிறது. ஒரு பில் போட இரண்டு நிமிடம் ஆகிறது, கவுன்ட்டரில் கூட்டம் நிற்கிறது. கணினிக் கடைக்காரர் வந்து பார்த்துவிட்டு, சர்வர் பழசாகிவிட்டது, புதிது போட மூன்று லட்சம் ஆகும் என்று கொட்டேஷன் கொடுத்துவிட்டுப் போகிறார். சர்வர் என்பது கடையிலுள்ள எல்லாக் கணினிகளுக்கும் பொதுவாகக் கணக்கை வைத்திருக்கும் மையக் கணினி.

ஆலோசகர் வருகிறார். முதல் நாள் எதையும் மாற்றுவதில்லை. காலையில் எப்படி ஓடுகிறது, மாலையில் எப்படி ஓடுகிறது என்று பார்க்கிறார். பில் போடும் பையனிடமும் கணக்குப்பிள்ளையிடமும் பேசுகிறார். காலையில் எந்தத் தொல்லையும் இல்லை என்பது தெரிகிறது. பழைய சர்வர்தான் காரணம் என்றால் காலையிலும் கொஞ்சம் திணற வேண்டுமே? ஆறரைக்கு மட்டும் என்ன நடக்கிறது என்று தேடுகிறார். கடை ஆறு மணிக்குப் பூட்டப்பட்ட காலத்தில், பூட்டிய பிறகு ஓடட்டும் என்று ஆறரைக்கு பேக்கப் வைத்திருக்கிறார்கள். பேக்கப் என்பது தரவுகளின் நகலைத் தனியே எடுத்து வைப்பது. பிறகு கடை நேரம் இரவு ஒன்பது வரை நீண்டது. பேக்கப் நேரத்தை யாரும் மாற்றவில்லை. வியாபாரம் சூடாக இருக்கும் நேரத்தில் சர்வர் தன் முழு பலத்தையும் நகலெடுப்பதில் செலவழித்துக்கொண்டிருக்கிறது.

நேரத்தை இரவு ஒரு மணிக்கு மாற்றினால் போதும் என்று தோன்றும். ஆனால் இரவில் கடையில் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் போகிறார்கள். அப்படியென்றால் சர்வருக்குத் தனி மின் இணைப்பும் யுபிஎஸ்ஸும் வேண்டும். அப்புறம், இத்தனை வருடமாக எடுத்த பேக்கப்பைத் திருப்பி ஏற்றினால் உண்மையில் கணக்கு வருகிறதா என்று யாராவது பார்த்திருக்கிறார்களா? இல்லை. பார்த்தால், கடைசி நான்கு மாதங்களின் நகல் திறக்கவே இல்லை. வெளியே செருகியிருந்த ஹார்டு டிஸ்க் நிறைந்துவிட்டது, எச்சரிக்கைச் செய்தி யாரும் திறக்காத ஒரு மெயிலுக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

இரண்டரை நாள் வேலை. கடைசியில் வியாபாரி கையில் இரண்டு பக்க அறிக்கை இருக்கிறது: புதிய சர்வர் இப்போது வேண்டாம், இந்த மூன்று மாற்றங்களைச் செய்யுங்கள், மாதம் ஒருமுறை பேக்கப்பை ஏற்றிப் பாருங்கள். ஆலோசகர் விற்றது இதைத்தான். வாங்கலாமா வேண்டாமா, எதை முதலில் செய்வது என்ற கேள்விகளுக்கு, நிலைமையை நேரில் பார்த்து ஒருவர் பொறுப்பேற்றுச் சொல்லும் பதில். சில ஆலோசகர்கள் நிரலும், அதாவது புரோகிராமும், எழுதுவார்கள், நெட்வொர்க்கும் போட்டுத் தருவார்கள். அது வேலையின் ஒரு பகுதி. எந்த நிரல் தேவை, எது தேவையில்லை என்று முடிவு செய்வதில்தான் வாடிக்கையாளரின் பணம் மிச்சமாகிறது.

இந்தத் தொழில் தொடங்கியதும் இப்படி ஒரு கேள்வியில்தான். 1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம், கென்டக்கி மாநிலத்து லூயிவில் ஆலையில் சம்பளக் கணக்கைக் கணினியில் போட முடியுமா என்று கேட்டது. விடை தேடியது கணினி விற்கும் கம்பெனி அல்ல, ஆர்தர் ஆண்டர்சன் என்ற கணக்குத் தணிக்கை நிறுவனம். அவர்கள் ஆராய்ந்து சொன்ன யோசனைப்படி யூனிவாக் கணினி வாங்கப்பட்டு, 1954இல் அதில் சம்பளக் கணக்கு ஓடியது. கணினியை விற்பவரும் அதை வாங்கலாமா என்று சொல்பவரும் வேறு வேறு ஆட்களாக இருப்பது இந்தத் தொழிலின் பிறவிக் குணம்.

கமிஷன் நுழைந்தால்

அதனால்தான் கமிஷன் விஷயத்தில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். அதே மதுரைக் கடைக்கு வந்த ஆலோசகருக்கு, சர்வர் விற்றால் கடைக்காரரிடமிருந்து பத்து சதவீதம் கிடைக்கும் என்று வையுங்கள். மூன்று லட்சத்தில் முப்பதாயிரம். பேக்கப் நேரத்தை மாற்றச் சொன்னால் அது கிடைக்காது. அவர் நல்லவராகவே இருக்கலாம், ஆனாலும் அந்த முப்பதாயிரம் அவர் யோசனையை ஒரு பக்கமாகச் சாய்க்கும். வியாபாரிக்கு அது கண்ணுக்கே தெரியாது.

ஆலோசகர் பொருளும் விற்கலாம், தவறில்லை. ஆனால் அதில் தனக்கு லாபம் உண்டு என்பதை முன்கூட்டியே எழுத்தில் சொல்லிவிட வேண்டும். வியாபாரிகளும் "இதில் உங்களுக்குக் கமிஷன் உண்டா?" என்று கூச்சப்படாமல் கேட்கலாம். "ஆலோசனை இலவசம், பொருள் மட்டும் எங்களிடம் வாங்குங்கள்" என்பவரிடம் ஆலோசனைக்கான கட்டணம் பொருளின் விலைக்குள் சேர்ந்திருக்கும்.

இதுவரை பார்த்தது: தனி ஆலோசகர் யாருடைய ஊழியரும் அல்ல. நிலைமையை ஆராய்ந்து பொறுப்புடன் முடிவு சொல்வதே அவர் விற்பது. அந்த முடிவில் மறைமுக லாபம் கலந்தால் அதன் மதிப்பு போய்விடும்.

கட்டணம் ஏன் அவ்வளவு?

மாதச் சம்பளத்துக்கு கார் ஓட்டும் டிரைவரையும், சொந்தக் கார் வைத்து டாக்ஸி ஓட்டுபவரையும் நினைத்துப் பாருங்கள். சம்பள டிரைவருக்கு கார் நின்றாலும் ஓடினாலும் மாதம் பிறந்தால் பணம் வரும். டயர், இன்ஷூரன்ஸ் எல்லாம் முதலாளி பாடு. டாக்ஸிக்காரர் திருச்சியிலிருந்து சென்னைக்கு ஆளை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்புகிறார். அந்தத் திரும்பும் தூரத்துக்கான டீசலும், சவாரி இல்லாமல் ஸ்டாண்டில் நின்ற நாட்களும், வண்டித் தேய்மானமும் ஏறிப்போன ஒரு பயணியின் வாடகையிலிருந்துதான் வர வேண்டும்.

ஆலோசகரின் கணக்கும் இதுதான். பில் போடக்கூடிய நாட்கள் வேறு, வேலை செய்யும் நாட்கள் வேறு. புதிய வாடிக்கையாளரைத் தேடுவது, கொட்டேஷன் எழுதுவது, புதிய தொழில்நுட்பம் படிப்பது, பாக்கிப் பணத்துக்கு போன் போடுவது, இதெல்லாம் வேலைதான். யாரும் காசு தரமாட்டார்கள்.

எண்களாகப் பார்க்கலாம். ஒருவர் வருடம் 12 லட்சம் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தார். ஊழியராக இருந்தபோது கம்பெனி தன் பங்காக பிஎஃப்பில் போட்டது, அடிப்படைச் சம்பளம் 6 லட்சம் என்றால் 12 சதவீதம், 72,000. இனி அதை அவரே சேமிக்க வேண்டும். குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடு 30,000. கணினித் தேய்மானம் 30,000. இன்டர்நெட், போன், கரன்ட் 36,000. ஆடிட்டர் 20,000. மென்பொருள் சந்தாக்கள் 32,000. போக்குவரத்து 60,000. (இவை உதாரணத்துக்கு வைத்த தொகைகள், ஊருக்கும் ஆளுக்கும் மாறும்.) மொத்தம் 14,80,000 வந்தால்தான் பழைய நிலைமையில் இருப்பார்.

வருடத்தின் 365 நாளில் சனி, ஞாயிறு 104 போனால் 261. பண்டிகை, விடுப்பு, காய்ச்சல் என்று ஒரு 30 நாள் கழித்தால் 231. அதில் அறுபது சதவீதத்துக்கு பில் போட முடிந்தால், அதாவது சுமார் 140 நாள், நல்ல வருடம் என்று சொல்லலாம். 14,80,000ஐ 140ஆல் வகுத்தால் நாளுக்கு 10,500 ரூபாய்க்குச் சற்று மேல் வருகிறது. எட்டு மணி நேரம் என்றால் மணிக்கு 1,300. மாதச் சம்பளம் ஒரு லட்சத்தை முப்பதால் வகுத்தவருக்கு வந்த விடை 3,333. இரண்டுக்கும் மூன்று மடங்கு வித்தியாசம். 3,333க்கு ஒப்புக்கொண்டவர் வருடம் முழுக்க ஓடியும் கையில் எதுவும் நிற்கவில்லையே என்று புலம்புவது இதனால்தான். அந்த 10,500கூட ஈடுகட்டும் தொகைதான். வேலையே வராத மாதங்களுக்கும், வராமலே போகும் பில்களுக்கும் அதற்கு மேல் கொஞ்சம் சேர்க்க வேண்டியிருக்கும்.

பில்லுக்கும் கையில் வரும் பணத்துக்கும் நடுவில்

இந்தியாவில் சேவை செய்பவரின் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம் என்பது பொது விதி. ஜிஎஸ்டி என்பது வாடிக்கையாளரிடம் வசூலித்து அரசுக்குச் செலுத்தும் வரி. கணினி ஆலோசனைக்கு அது 18 சதவீதம். டிடிஎஸ் என்பது, பணம் கொடுப்பவர் நம் வருமான வரியில் ஒரு பகுதியை முன்கூட்டியே பிடித்து அரசுக்குக் கட்டிவிடுவது.

ஒரு கம்பெனிக்கு ஒரு லட்சத்துக்கு பில் போடுகிறீர்கள். ஜிஎஸ்டி 18,000 சேர்த்து 1,18,000. ஜிஎஸ்டியைத் தனியாகக் காட்டியிருந்தால் அந்த ஒரு லட்சத்தின் மேல் மட்டும் டிடிஎஸ் பிடிப்பார்கள். தொழில்முறைச் சேவை என்று கணக்கிட்டால் 10 சதவீதம். 2020 ஏப்ரல் முதல் தொழில்நுட்பச் சேவைக்கு 2 சதவீதம் என்ற குறைந்த விகிதமும் உண்டு. உங்கள் வேலை எதில் சேரும் என்பதை ஆடிட்டரும் வாடிக்கையாளரின் கணக்குப் பிரிவும் முதல் பில்லுக்கு முன்பே பேசி முடித்துக்கொள்வது நல்லது. 10 சதவீதம் என்றால் வங்கிக்கு 1,08,000 வரும். அதில் 18,000 உங்களுடையது அல்ல, அரசுக்குப் போக வேண்டியது. கையில் நிற்பது 90,000. பிடித்த 10,000 காணாமல் போகவில்லை, உங்கள் பான் எண்ணில் வரவாக இருக்கும். கணக்குத் தாக்கல் செய்யும்போது வரியில் கழித்துக்கொள்ளலாம், மிச்சம் இருந்தால் திரும்ப வரும்.

புதிதாக வருபவர்கள் அதிகம் அறியாத ஒரு வசதி உத்தேச வருமான முறை. தகவல் தொழில்நுட்பத் தொழில் செய்யும் தனிநபரின் ஆண்டு வரவு 50 லட்சத்துக்குள் இருந்தால், அதில் பாதியை லாபம் என்று காட்டி வரி கட்டலாம். ரொக்க வரவு 5 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் வரம்பு 75 லட்சம். ஒவ்வொரு செலவுக்கும் ரசீது சேர்த்து முழுக் கணக்கு எழுத வேண்டிய அவசியம் இல்லை. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் இதன் எண் 44ஏடிஏ. 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டத்தில் எண் மாறினாலும் வசதி தொடர்கிறது.

எதற்கு எப்படி விலை சொல்வது?

நாள் கணக்கு, மொத்தத் தொகை, ரிடெய்னர் என மூன்று வழக்கங்கள். ரிடெய்னர் என்பது மாதம் இத்தனை மணி நேரம் உங்களுக்காக ஒதுக்கி வைக்கிறேன் என்று சொல்லி வாங்கும் நிலையான மாதக் கட்டணம்.

மொத்தத் தொகையில்தான் சண்டை வரும். "சின்ன வேலைதான், இதையும் சேர்த்துப் பண்ணிடுங்க சார்" என்ற வாக்கியம் எந்தத் திட்டத்திலும் வரும். கேட்பவர் ஏமாற்ற நினைப்பதில்லை. எது உள்ளே, எது வெளியே என்று யாரும் அவருக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். இதற்கு மருந்து ஸ்கோப், அதாவது செய்யப்போகும் வேலையின் எல்லையை எழுதி வைப்பது. இரண்டு பக்கம் போதும். செய்யப்போவது என்ன, செய்யாமல் விடப்போவது என்ன, எதை வைத்து வேலை முடிந்தது என்று சொல்வோம், மாற்றம் வந்தால் கட்டணம் எப்படி. செய்யாமல் விடுவதை எழுதும் அந்தப் பத்தியைப் பலர் தவிர்க்கிறார்கள், வாடிக்கையாளர் தப்பாக நினைப்பாரோ என்று. எனக்குத் தெரிந்து நட்பைக் காப்பாற்றுவது அந்தப் பத்திதான்.

சுருக்கமாக: கட்டணத்தை பில் போடக்கூடிய நாட்களை வைத்துக் கணக்கிட வேண்டும். வங்கிக்கு வரும் தொகை முழுவதும் வருமானம் ஆகாது. வேலையின் எல்லை எழுத்தில் இருக்க வேண்டும்.

எழுதிக் கொடுத்த மென்பொருள் யாருக்குச் சொந்தம்?

"நான் காசு கொடுத்தேன், அது என்னுது" என்று வாடிக்கையாளர் நினைப்பார். சட்டம் அப்படிச் சொல்வதில்லை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957இன்படி கணினி நிரலும் ஓர் இலக்கியப் படைப்பாகவே கருதப்படுகிறது. ஊழியர் வேலையின் பகுதியாக எழுதினால் முதல் உரிமை முதலாளிக்கு. தனி ஆலோசகர் எழுதினால், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், உரிமை எழுதியவருக்கே. அதை மாற்றிக் கொடுக்க கையெழுத்திட்ட எழுத்து ஆவணம் வேண்டும். அந்த ஆவணத்தில் எத்தனை ஆண்டு என்று குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், எந்த இடத்துக்கு என்று சொல்லாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் எடுத்துக்கொள்ளப்படும். ஏற்றுமதி செய்யும் ஒரு திருப்பூர் பனியன் கம்பெனிக்கு இந்த ஒரு வரி விடுபட்டால் பின்னால் தலைவலி. ஆலோசகரும் தன் பழைய நிரல் துண்டுகளை அடுத்த வேலையிலும் பயன்படுத்திக்கொள்ளும் உரிமையைத் தனக்கு வைத்துக்கொள்வதாக அங்கேயே எழுதிவிடலாம்.

இதைவிட அடிக்கடி நடப்பது வேறொன்று. கடையின் இணைய முகவரியை, அதாவது டொமைனை, வெப்சைட் செய்து கொடுத்தவர் தன் சொந்த மெயிலில், தன் பெயரில் பதிந்துவிடுவார். கெட்ட எண்ணம் இருக்காது, அவசரத்தில் செய்திருப்பார். மூன்று வருடம் கழித்து அவர் வெளிநாடு போய்விடுகிறார், புதுப்பிக்கும் தேதி தாண்டுகிறது, கடையின் மெயில்கள் எல்லாம் ஒரே நாளில் நிற்கின்றன. டொமைன், கிளவுட் கணக்கு, மென்பொருள் உரிமங்கள், எல்லாவற்றின் முதன்மைக் கடவுச்சொல் என அனைத்தும் முதல் நாளிலிருந்தே வாடிக்கையாளர் பெயரில் இருக்க வேண்டும். தனக்கு வேண்டிய அனுமதியை ஆலோசகர் தனியே கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும், வேலை முடிந்ததும் அதை நீக்கச் சொல்ல வேண்டும். தன்னை விட்டுவிட்டு இன்னொருவரிடம் போகும் சுதந்திரம் வாடிக்கையாளருக்கு இருக்கும்படி வேலை செய்பவரைத்தான் நான் நல்ல ஆலோசகர் என்பேன்.

பணம் வர இழுத்தால்

சேவை செய்யும் தனிநபரும் சிறு நிறுவனங்களுக்கான அரசின் பதிவுத் தளமான உத்யமில் குறுநிறுவனமாக இலவசமாகப் பதியலாம். பதிந்தவருக்கு 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவன மேம்பாட்டுச் சட்டம் துணைக்கு வரும். ஒப்பந்தத்தில் எத்தனை நாள் எழுதியிருந்தாலும், வேலையை ஏற்றுக்கொண்ட 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும். எழுத்து ஒப்பந்தமே இல்லை என்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. பழைய வாடிக்கையாளர் மேல் புகார் கொடுக்க யாருக்கும் மனம் வராது, அது இயல்பு. ஆனால் பில்லின் அடியில் உத்யம் எண்ணை அச்சிட்டாலே கணக்குப் பிரிவு கவனிக்கிறது. காலம் தாழ்த்திக் கொடுத்தால் அந்தச் செலவை அந்த ஆண்டு வரிக் கணக்கில் கழிக்க முடியாமல் போகலாம் என்பது அவர்களுக்கும் தெரியும்.

வேலையை விடும் முன்

முதல் வாடிக்கையாளர் பெரும்பாலும் பழைய கம்பெனியோ, பழைய சக ஊழியர் போய்ச் சேர்ந்த கம்பெனியோதான். "விலகிய பிறகு இரண்டு வருடம் இதே துறையில் வேலை செய்யக் கூடாது" என்று பணி ஒப்பந்தத்தில் இருந்தால் பயப்பட வேண்டாம். இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872இன் 27ஆம் பிரிவு, ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது என்கிறது. ஆனால் பழைய கம்பெனியின் நிரலையும் வாடிக்கையாளர் விவரங்களையும் எடுத்துக்கொண்டு வருவது வேறு விஷயம், இரகசியம் காக்கும் கடமை விலகிய பிறகும் உண்டு. வேலையில் இருக்கும்போதே மறைவாக வெளிவேலை செய்வதற்கும் இந்தப் பிரிவு பாதுகாப்புத் தராது.

கம்பெனியின் குழு மருத்துவக் காப்பீட்டிலிருந்து அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிக் காப்பீட்டுக்கு மாற முடியுமா என்று கடைசி நாளுக்கு முன்பே மனிதவளப் பிரிவில் கேளுங்கள். சர்க்கரை, இரத்த அழுத்தம் இருப்பவர் புதிதாகக் காப்பீடு எடுத்தால் அந்த நோய்களுக்கு மூன்று ஆண்டு வரை காத்திருக்க வேண்டி வரலாம். மாறிக்கொண்டால் ஏற்கெனவே கழிந்த காலம் கணக்கில் சேரும்.

சேமிப்பும் வேண்டும். ஜனவரி கடைசியில் வேலையை விடுகிறீர்கள். பிப்ரவரியில் நாலு பேரைப் பார்த்துப் பேசுகிறீர்கள், மார்ச்சில் ஒரு வேலை உறுதியாகிறது, ஏப்ரல் நடுவில் முடித்து பில் அனுப்புகிறீர்கள். 45 நாள் கழித்து, மே கடைசியில்தான் முதல் பணம் வங்கியில் ஏறும், அதுவும் டிடிஎஸ் போக. பள்ளிக் கட்டணம் கட்டும் காலமும் அதேதான். இதைத் தெரிந்துகொண்டவர்கள் ஆறு மாத வீட்டுச் செலவைத் தனியே எடுத்து வைக்கிறார்கள், முதல் வேலையிலேயே மூன்றில் ஒரு பங்கை அட்வான்ஸாகக் கேட்கிறார்கள்.